கரும்பலகையில் நான்காவது கட்டம்

"ஆடி, இரண்டாம் வெள்ளி. ஒன்பதாம் வகுப்பு, கடைசிப் பீரியட். மூன்று கட்டம் போட்டேன்: பார்த்தது, கேட்டது, நினைத்தது. பையன்கள் சிரித்தார்கள். மழை வரும்போல் இருந்தது, வரவில்லை."

என் நாட்குறிப்பில் உள்ள பதிவு இது. நாள், கிழமை போட்டு எழுதுவது எனக்குப் பழக்கம். வாங்கும் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வாங்கிய தேதியும், கடைசிப் பக்கத்தில் படித்து முடித்த தேதியும் இருக்கும். செஞ்சிக் கோட்டையைப் பற்றி அச்சில் எது கிடைத்தாலும் நகல் எடுத்து, யார் சொல்லி யார் எழுதியது என்று ஓரத்தில் குறித்துவைப்பேன். அப்படிப்பட்டவள் இந்தக் குறிப்பில் மட்டும் ஆண்டை விட்டுவிடுகிறேன். இதில் வருகிறவர்களில் பெரும்பாலோர் இன்னும் அதே ஊரில் இருக்கிறார்கள். அங்கே இல்லாத இரண்டு பேரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் நான் சமூக அறிவியல் நடத்தும் அரசு உயர்நிலைப் பள்ளி வரும். அந்த ஆண்டு ஜூன் மாதம் எங்களை விழுப்புரத்துக்கு அழைத்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முடிவெடுக்கும் திறனையும் ஆராய்ந்து சிந்திக்கும் திறனையும் வாரம் ஒரு பீரியட் சொல்லித்தர வேண்டும் என்றார்கள். கையேடு ஒன்றும் கொடுத்தார்கள். அதில் முதல் பயிற்சி, கப்பல் மூழ்குகிறது, படகில் ஐந்து பேருக்குத்தான் இடம், யாரை ஏற்றுவீர்கள் என்பது. முதல் வாரம் அதையே கேட்டேன். "யாருக்கு நீச்சல் தெரியும்னே போடல மிஸ்" என்றான் ஒருவன். "கடலே பாத்ததில்ல, இன்னாத்தச் சொல்றது" என்றான் அவன் பக்கத்தில் இருந்தவன். கையேட்டை மூடிவைத்தேன்.

மூன்று கட்டம் நான் எனக்காகப் போட்டுக்கொண்ட முறை. கோட்டையைப் பற்றிப் படிக்கும்போது, எழுதியவர் தன் கண்ணால் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, தானாக ஊகித்தது எது என்று பிரித்துக் குறிப்பேன். அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, அடுத்த வாரம் கோட்டைக்கு அழைத்துப் போனேன். ராஜகிரி அடிவாரத்தில் ஒரு பெரும்பாறையின் தலையில் செங்கல் விளிம்பு கட்டிய குழி ஒன்று உண்டு. கைதிகளை அதில் தள்ளிப் பட்டினி போட்டுச் சாகவிட்டார்கள் என்று காலம்காலமாகச் சொல்கிறார்கள். நான் படித்தவற்றிலும் இது வருகிறது. எல்லாம் 'சொல்லப்படுகிறது' என்றுதான் முடிகிறது. வழிகாட்டி ஒருவர் அந்தக் கதையை நன்றாகவே சொன்னார். பிறகு மூன்று கட்டத்தையும் நிரப்பச் சொன்னேன்.

ஏறக்குறைய எல்லோரும் 'பார்த்தது' என்ற கட்டத்தில் கைதிகள் செத்த கிணறு என்று எழுதியிருந்தார்கள். ஒரு பெண்ணின் தாளில் மட்டும் இப்படி இருந்தது: "பார்த்தது: செங்கல் சுவர். இருட்டு. ஒரு தண்ணி பாட்டில். கேட்டது: கைதிகளை தள்ளுனாங்கன்னு கைடு சொன்னார். நினைத்தது: பாட்டில் போட்டவங்க ஆழம் பாக்க போட்டிருப்பாங்க."

ஜன்னலோரம் உட்காரும் பெண். வகுப்பில் வாய் திறந்தால் பெரும்பாலும் கேள்வியாகத்தான் இருக்கும். அவளுடைய நைனா பெங்களூரில் கட்டட வேலை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். வீடு, அவர் தம்பி பொறுப்பில். சித்தப்பாதான் ரேஷன் வாங்குவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவது எல்லாம். அந்த வீட்டில் இவள், அம்மா, சித்தப்பா, சித்தி, சித்தியின் இரண்டு கைக்குழந்தைகள்.

மூன்று கட்டம் பள்ளிக்கூடத்தில் பிடித்துக்கொண்டது. மதிய உணவில் முட்டை தீர்ந்துவிட்டது என்று யாராவது ஓடிவந்தால், "பாத்தியா, கேட்டியா, நெனச்சியா?" என்று வரிசையே கேட்கும். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் குறித்துவைத்திருக்கிறேன்.

ஆவணியில் ஒரு குரல்பதிவு ஊருக்குள் போன் போனாகப் பரவியது. வெளியூர் ஆட்கள் வண்டியில் வந்து, தின்பண்டமும் விளையாட்டுச் சாமானும் கொடுத்துப் பிள்ளைகளைத் தூக்கிப்போகிறார்கள், உஷார் என்று ஒரு ஆண்குரல் பேசியது. எந்த ஊர், எந்தப் பிள்ளை என்று அதில் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை அதைத்தான் கட்டத்தில் போட்டோம். எல்லாம் 'கேட்டது' என்று வகுப்பு ஒப்புக்கொண்டது. அப்போது ஒரு பையன் எழுந்து, "கேட்டதுதான் மிஸ். ஆனா புள்ளயத் தூக்கினு போன பிறகு பாத்ததுன்னு எழுதி இன்னா பண்றது?" என்றான். நல்ல கேள்வி. முடிவு எடுப்பதற்கு முன்னால் எதிரில் இருக்கிற ஆளையே கேட்கலாம், போலீசுக்குச் சொல்லலாம், கைநீட்ட மட்டும் கூடாது என்றேன். அவன் உட்கார்ந்துகொண்டான். ஒப்புக்கொண்டானா என்று தெரியவில்லை.

புரட்டாசி முதல் சனிக்கிழமை நடந்தது. நான் அன்று செஞ்சியில் என் வீட்டில் இருந்தேன். ஆகவே அடுத்து வருவதெல்லாம் எனக்குக் 'கேட்டது'. ஒருவருக்கொருவர் தெரியாமல் மூன்று பேரிடம் கேட்டு, ஒத்துப்போவதை எழுதுகிறேன், ஒத்துப்போகாத இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தலை சீவும்போது உதிரும் முடியை எங்கள் பக்கத்துப் பெண்கள் எறிவதில்லை. விரலில் சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கூரை ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே சொருகிவைப்பார்கள். மாதக்கணக்கில் சேர்ந்த பிறகு முடி வாங்குகிற ஆள் மொபெட்டில் வருவார்; பின்னால் குடமும் கூடையும் கட்டியிருக்கும். முடியை எடைபோட்டு வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுப்பார். அந்த ஊருக்கு வழக்கமாக வருகிறவர் வேறு. அன்று வந்தவர் புது ஆள், ஐம்பது வயது இருக்கும், தெலுங்கு கலந்த தமிழ். அந்தப் பெண் அவரிடம் ஒரு கவர் முடியைக் கொடுத்து இரண்டு கிளிப்பும் கையகலக் கண்ணாடியும் வாங்கிக்கொண்டாள். தெருமுனையில் சித்தப்பா பார்த்துவிட்டார்.

யார் கொடுத்தது என்று கேட்டார். அந்த ஆள் என்றாள். எதற்குக் கொடுத்தான் என்று கேட்டார்.

"சும்மா குடுத்தாரு."

அவ்வளவுதான் அவள் சொன்னது. அந்த முடி அவளுடையது மட்டும் இல்லை. அம்மாவும் சித்தியும் அவளும் சீவி உதிர்ந்தது. ஒரு எவர்சில்வர் குடத்துக்கென்று அம்மா சேர்த்துவந்தது. தெரிந்தால் திட்டு விழும். சித்தப்பாவுக்கு அது எதுவும் தெரியாது. அவர் போனில் அந்தக் குரல்பதிவு இருந்தது.

புரட்டாசிச் சனிக்கிழமை என்பதால் வேலைக்குப் போகாத ஆண்கள் பெருமாள் கோயில் பக்கம் நிறைய இருந்தார்கள். பால் சொசைட்டி எதிரில் மொபெட்டை நிறுத்தினார்கள். அவர் ஏதோ சொன்னாராம். தெலுங்கில் சொன்னதாக ஒருவரும், முடி முடி என்று தமிழில் சொன்னதாக மற்ற இருவரும் சொல்கிறார்கள். கரண்ட் கம்பத்தில் கட்டினார்கள். போலீஸ் வரும்போது அவருக்கு நினைவு இல்லை. செஞ்சி ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து விழுப்புரம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். குடங்கள் சாலையில் கிடந்தன. திங்கட்கிழமை நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஒன்றும் இல்லை, யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

அந்த வாரம் ஊரில் யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. சித்தப்பாவும் இன்னும் நாலு பேரும் இரவில் வீட்டில் படுப்பதில்லை என்று பேசிக்கொண்டார்கள். பிறகு ஊர்ப்பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்த ஆள் கையைப் பிடித்து இழுத்தான் என்று பெண் சொல்லிவிட்டால் கேஸ் அவன் மேல் திரும்பும்; வீட்டுப் பெண்ணைக் காப்பாற்றப் போனவர்கள் என்று நம் ஆட்களுக்கு ஜாமீன் சுலபம். அம்மா சம்மதித்தாள். நைனா பெங்களூரிலிருந்து போனில், சித்தப்பா சொல்கிறபடி கேள் என்று சொல்லிவிட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை பெண் போலீஸ் அதிகாரி ஒருவர் சாதாரண உடையில் வீட்டுக்கே வந்து அவள் சொல்வதை எழுதிக்கொள்வதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கடைசிப் பெல் அடித்து எல்லோரும் போன பிறகும் அவள் போகவில்லை. கரும்பலகையில் வழக்கமான மூன்று கட்டம் இருந்தது. நான் டஸ்டரை எடுத்தேன்.

"அழிக்காதீங்க மிஸ். நான் சொன்னத எதுல போடறது?"

எதைச் சொன்னதை என்று கேட்டேன்.

"சும்மா குடுத்தாருன்னு சொன்னேன் இல்ல. அது பாத்ததும் இல்ல, கேட்டதும் இல்ல. நெனைக்கக்கூட இல்ல மிஸ். வாயில வந்துச்சு, சொல்லிட்டேன்."

சாக்பீஸை எடுத்து மூன்று கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்து, மேலே 'சொன்னது' என்று எழுதினாள். கீழே எதுவும் எழுதவில்லை. பிறகுதான் முடி விஷயத்தை, நான் மேலே எழுதியபடி, எனக்குச் சொன்னாள்.

கையேட்டில் முடிவெடுக்கும் படிகள் என்று ஒரு பக்கம் உண்டு: வழிகளை வரிசைப்படுத்து, ஒவ்வொன்றுக்கும் யாருக்கு என்ன ஆகும் என்று எழுது. நான் அதை எடுக்கவில்லை. அவளே எடுத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் சித்தப்பா ஜெயிலுக்குப் போவார், சித்தி இரண்டு குழந்தையோடு நிற்பாள், அம்மா பேசமாட்டாள், தன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார்கள். அதையெல்லாம் விரல் மடக்கிச் சொன்னாள். பொய்யைச் சொன்னால் என்று தொடங்கியபோது விரல் மடங்கவில்லை.

"நான் நெசத்தச் சொன்னா அவருக்கு அடி கொறையுமா மிஸ்?"

"குறையாது."

"பின்ன?"

"அவர் மேல கேஸ் வராது. செய்யாததுக்கு."

"அவருக்குப் புள்ளைங்க இருக்குதா?"

தெரியாது என்றேன். கேட்டால்கூடத் தெரியாதா என்றாள். கேட்க அந்த ஆளைச் சேர்ந்தவர் யாரும் வரவில்லை என்றேன். அவள் பையை மாட்டிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை நீங்கள் கூட இருக்கலாமா என்று கேட்டாள். நம்பிக்கையான பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கலாம் என்று அந்த அதிகாரி அம்மாவிடம் சொல்லியிருந்தாராம்.

இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று நான் எதுவும் சொல்லவில்லை. தலைமையாசிரியரிடம் விஷயத்தைத் தெரிவித்தேன். நமக்கு எதற்கு டென்ஷன் டீச்சர், அன்றைக்கு லீவு போட்டுவிடுங்கள் என்றார். லீவு போட்டேன், போட்டுவிட்டு அந்த வீட்டுக்குப் போனேன்.

அதற்கு முன், திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனை முடிந்ததும் அவள் அம்மா பள்ளிக்கு வந்தாள். வகுப்பு வாசலில் நின்றே பேசினாள், குரலை உயர்த்தவில்லை. "இன்னா டீச்சர் சொல்லிக்குடுக்குறீங்க இங்க? என்னையே கேக்குறா, நீ பாத்தியாம்மான்னு. பெத்தவளக் கேக்குற கேள்வியா இது?" என்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவள் சித்தப்பன் இல்லையென்றால் அந்த வீட்டில் உலை கொதிக்காது, இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவள் வந்திருக்கவும் மாட்டாள், அதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை நான் பார்த்தேன். அதிகாரி பாயில் உட்கார்ந்தார். எதிரில் பெண், அவள் பக்கத்தில் அம்மா, சற்றுத் தள்ளி நான். சித்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்வாசலில் நின்றாள். சித்தப்பா வீட்டில் இல்லை. அதிகாரி பள்ளி, பாடம் என்று கொஞ்சம் பேசிவிட்டு, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "முடியக் குடுத்தேன். தராசுல போட்டாரு. கிளிப்பும் கண்ணாடியும் குடுத்தாரு. கையத் தொடல. சித்தப்பா கேட்டப்ப சும்மா குடுத்தாருன்னு சொல்லிட்டேன். அது பொய்யி."

அம்மா எழுந்து உள்ளே போனாள். ஒரு கவரோடு திரும்பிவந்து, அதை அதிகாரி முன்னால் கொட்டினாள். "முடி இதோ இருக்குதும்மா. எங்க வீட்டு முடி எங்கயும் போவல. புள்ளைக்குப் பயத்துல புத்தி கலங்கிப் போச்சு."

உதிர்ந்த முடி எப்படி இருக்கும் என்று அந்த அறையில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். நீளமும் குட்டையுமாக, சிக்கலாக, பந்து பந்தாகச் சுருண்டு, பொலிவில்லாமல் இருக்கும். பாயில் கிடந்தது ஒரே நீளம். எண்ணெய்ப் பளபளப்பு போகவில்லை. ஒரு முனை கத்தரித்தாற்போல் சமமாக இருந்தது. நான் தலையைத் தூக்கிச் சித்தியைப் பார்த்தேன். வீட்டுக்குள் முக்காடு போடும் வழக்கம் அந்த ஊரில் இல்லை, அவள் போட்டிருந்தாள். ஆண்டு விழாவுக்கு வந்தபோது அவள் பின்னல் இடுப்பைத் தாண்டியிருந்தது எனக்கு நினைவு இருக்கிறது. முக்காட்டுக்கு அடியில் இப்போது பின்னல் இல்லை.

"இது யார் முடிம்மா?" என்று அதிகாரி பெண்ணைக் கேட்டார்.

அவள் முடியைப் பார்த்தாள். திரும்பிச் சித்தியைப் பார்த்தாள். குழந்தை முக்காட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. சித்தி அதன் கையை விலக்கினாள்.

"எங்க வீட்டு முடிதான் மேடம்" என்றாள் பெண். பிறகு, "நான் குடுத்தது வேற. அது அவரோட போயிடுச்சு" என்றாள்.

அதிகாரி இரண்டையும் எழுதிக்கொண்டு, படித்துக் காட்டிவிட்டுக் கிளம்பினார். நான் பார்த்ததை அவரும் பார்த்தாரா என்று தெரியாது. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த வாரமே சித்தப்பாவையும் மற்ற நாலு பேரையும் கைது செய்தார்கள். தீபாவளிக்கு முன்பே ஜாமீனில் வந்துவிட்டார்கள். முடி வாங்க வந்தவர் மேல் கேஸ் எதுவும் பதிவாகவில்லை. இதைக் காவல் நிலையத்தில் நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவள் அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் வந்தாள். வரிசையில் நின்றால் பின்னாலிருந்து ஒரு குரல், "பாத்தியா, கேட்டியா, நெனச்சியா, மாட்டிவுட்டியா?" என்று கேட்கும். வகுப்பில் நான் கண்டித்து நிறுத்தினேன். சாலையில் நிற்கவில்லை. கேள்வி கேட்டானே ஒரு பையன், புள்ளையைத் தூக்கிப்போன பிறகு என்ன செய்வது என்று, அவன்தான் ஒருநாள் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வீடு வரைக்கும் போனான். அடுத்த நாள் அவனையும் கிண்டல் செய்தார்கள். அதற்குப் பிறகு அவன் போகவில்லை.

பரீட்சை விடுமுறைக்குப் பின் அம்மாவும் அவளும் டி.சி. வாங்க வந்தார்கள். பெங்களூருக்கு, நைனா வேலை செய்யும் இடத்துக்கே போகிறார்களாம். அங்கே பள்ளிக்கூடம் எப்படி, தமிழில் இருக்கிறதா என்று கேட்டேன். "போய்ப் பாக்கணும்" என்றாள் அம்மா. ஆபீஸ் அறையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, "இப்ப கட்டம் எல்லாம் நல்லா இருக்குதா டீச்சர்?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

பெண் பின்தங்கினாள். தலையில் கிளிப் எதுவும் இல்லை, ரப்பர் பேண்டு போட்டிருந்தாள்.

"அந்த ஆளு இருக்காரா மிஸ்?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். நைனாவின் போன் நம்பரை என் கையிலிருந்த பேனாவை வாங்கி என் நாட்குறிப்பின் ஓரத்தில் எழுதினாள்.

விசாரித்தேன். நான் தெரிந்துகொண்டதை அவள் முறைப்படியே பிரித்து எழுதுகிறேன். பார்த்தது: ஒன்றும் இல்லை, அவர் முகத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கேட்டது: ஆஸ்பத்திரியில் சில வாரம் இருந்தார், நினைவு திரும்பியது, ஒரு கண் தெரியவில்லை, சொந்தக்காரர்கள் இருவர் வந்து, டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், கையெழுத்துப் போட்டு அழைத்துப்போனார்கள். நினைத்தது: ஐந்து பேர் மேல் போட்ட பிரிவு கொலைக்கு மாற்றப்படவில்லை, ஆகவே குற்றப்பத்திரிகை தாக்கலான நாள் வரைக்கும் அவர் உயிரோடு இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த செய்திகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் சீப்பு விற்கிறவர் அவர்தான் என்று எங்கள் பள்ளிச் சமையலம்மா சொன்னார்; நான் இரண்டு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன், அங்கே சீப்பு விற்கிறவர் தெலுங்கு தெரியாத இளைஞர். அந்தக் குளிர்காலத்திலேயே இறந்துவிட்டார் என்று ஊரில் ஒருவர் சொன்னார். யார் சொன்னது என்று கேட்டால், எல்லோரும் சொல்கிறார்கள் என்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்த விலாசம் ஆந்திர எல்லையில் ஒரு வாடகை அறை. அதற்கு நான் பதிவுத் தபால் போட்டேன், பெறுபவர் இல்லை என்று திரும்பிவந்தது. சாட்சி சொல்ல அவருக்கு அனுப்பிய சம்மனும் அப்படியே திரும்பியதாகக் கோர்ட்டில் வேலை செய்யும் ஒருவர் சொன்னார். வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது.

அவள் எழுதிக்கொடுத்த நம்பருக்கு ஆறு மாதம் கழித்துப் போன் செய்தபோது, அது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் கன்னடத்திலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னது. அவள் பள்ளிக்கூடம் போகிறாளா என்பதை விசாரிக்கவும் எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் இன்னும் எடுக்கிறேன். இப்போது நான்கு கட்டம் போடுகிறேன். நான்காவது ஏன் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை, கையேட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

முடி வாங்க வந்த அந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்பதை, இதை எழுதும் இன்றைய தேதி வரைக்கும், என்னால் சரிபார்க்க முடியவில்லை.